ஒரு சாலையை எப்படி எடைபோடுவது?

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் போக்குவரத்து பற்றிய பாடத்தை நாம் எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடத்துகிறோம். சாலைகளின் வகைகளைச் சொல்கிறோம். தங்க நாற்கரச் சாலையின் நீளம் 5,846 கிலோமீட்டர் என்கிறோம். வடக்கு–தெற்கு வழித்தடம் ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கிறது என்று சொல்லி, நிலவரைபடத்தில் கோடு போட வைக்கிறோம். பிள்ளைகள் படித்து, எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கோட்டை அந்த இடத்தில் போடலாம் என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் நம் வகுப்பில் பெரும்பாலும் எழுவதே இல்லை.

திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பகுதியில் பாடம் நடத்துபவர்களுக்கு இந்தக் கேள்வியை எழுப்பத் தனியாகத் துணைக்கருவி எதுவும் வேண்டாம். தாமிரபரணிக் கரையில் நின்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாலம் ஒன்று கண்ணில் படும். சந்திப்புப் பக்கம் போனால் ரயில் பாதைக்கு மேலே ஈரடுக்குப் பாலம் நிற்கிறது. பாளையங்கோட்டையின் கிழக்குப் புறத்தில் நான்கு வழிச்சாலை ஓடுகிறது. 2023 டிசம்பர் வெள்ளம் நம் மாணவர்களின் வீட்டுச் சுவர்களில் விட்டுப்போன கறை இன்னும் முழுதாக மறையவில்லை. பெரிய போக்குவரத்துத் திட்டம் ஒன்றை மதிப்பிடும்போது நிலையான வளர்ச்சியை எப்படிக் கணக்கில் சேர்ப்பது, அதை வகுப்பறைக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதை இவற்றைக் கொண்டே விளக்கலாம்.

நிலையான வளர்ச்சி என்றால் என்ன?

1987-ஆம் ஆண்டு நார்வேயின் புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலான ஐ.நா. ஆணையம் இதற்குத் தந்த விளக்கம் நமக்குத் தெரிந்ததுதான். இன்றைய தேவையை நாம் நிறைவேற்றிக்கொள்ளும்போது, நாளைய தலைமுறை தன் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் வழியை அடைத்துவிடக் கூடாது. 2015-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 நிலையான வளர்ச்சி இலக்குகளில் பதினோராவது, எல்லோருக்கும் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் போக்குவரத்து கிடைக்க வேண்டும் என்கிறது.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வீட்டுக் கிணறு போதும். கிணறு வெட்டும்போது வெட்டுக்கூலியை மட்டும் பார்ப்பவர் உண்டு. எத்தனை வருஷம் ஊறும், தூர் வாரும் செலவு எவ்வளவு, பக்கத்து வீட்டுக் கிணறு வற்றிவிடுமா என்று சேர்த்துப் பார்ப்பவரும் உண்டு. சாலைக்கும் பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் இந்த இரண்டாவது வகைக் கணக்குதான் தேவை. பணம், மக்கள், இயற்கை என்று மூன்று பத்திகள் போட்டு, மூன்றையும் இன்றைக்கு ஒருமுறை, ஐம்பது ஆண்டு கழித்து ஒருமுறை நிரப்பிப் பார்ப்பதே அந்தக் கணக்கு.

ஆற்றங்கரைப் பாலம் கற்றுத்தருவது

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றைக் கடக்க ஒரு காலத்தில் படகுதான் வழி. கலெக்டர் அலுவலகத்தில் பணிபுரிந்த சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணம் ஐம்பதாயிரம் ரூபாயைக் கொடுக்க, 1843-இல் பாலம் திறக்கப்பட்டது. இன்றும் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது. மாட்டுவண்டிக்காகக் கட்டப்பட்ட பாலம், பழுதுபார்த்தும் அகலப்படுத்தியும், 180 ஆண்டுகளுக்குப் பிறகும் பேருந்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ஆற்றை மறிக்காமல், வரிசையான வளைவுகளுக்கு அடியில் தண்ணீர் போக வழிவிட்டே அதைக் கட்டினார்கள்.

சந்திப்பிலுள்ள ஈரடுக்குப் பாலம் 1973-இல் திறக்கப்பட்டது. திருவள்ளுவர் பெயரைத் தாங்கிய அந்தப் பாலத்தின் மேலடுக்கு பெரிய வாகனங்களுக்கும், கீழடுக்கு சைக்கிள் போன்ற சிறிய வாகனங்களுக்கும் நடந்து செல்பவர்களுக்கும் என்று பிரிக்கப்பட்டது. வண்டி இல்லாதவரும் பாதையைப் பயன்படுத்துபவர்தான் என்ற எண்ணம் வரைபடத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. இந்த இரண்டு பாலங்களிலிருந்தும் மாணவர்கள் இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். இது எத்தனை தலைமுறைக்கு உழைக்கும்? இதில் யார் யார் போக முடியும்?

தண்ணீர் போகும் வழி

தாமிரபரணி பொதிகையில் பிறந்து 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னக்காயல் அருகே கடலில் சேர்கிறது. அதற்குள் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய்கள் பிரிகின்றன. கால்வாய்களால் குளங்கள் நிரம்புகின்றன, ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்குப் போகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் நீளமாக எந்தக் கரையை எழுப்பினாலும், அது சாலையானாலும் தண்டவாளமானாலும், ஏதோ ஒரு நீர்வழியைக் குறுக்கே வெட்டாமல் போக முடியாது. அந்த இடத்தில் எவ்வளவு அகலத்தில் பாலம் அல்லது குழாய் வைக்கிறோம் என்பது மழைக்காலத்தில் ஒரு ஊரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இது நம் கண்முன்னே நடந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பயணிகள் உணவுக்கும் குடிநீருக்கும் தவித்தார்கள். சாலைகளும் துண்டிக்கப்பட்டதால் கடைசிப் பயணிகளை மீட்டு அனுப்ப இரண்டு நாட்களுக்கு மேல் ஆயிற்று. அக்கம்பக்கத்து ஊர் மக்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இவ்வளவு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இனிக் கட்டப்போகிற எதற்கும் அந்தப் பதில் செல்லாது. பாலங்களும் சிறுபாலங்களும் கடந்த கால மழைப் பதிவை வைத்து வடிவமைக்கப்படுகின்றன. ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை, நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் என்று ஓர் அளவை எடுத்துக்கொள்வார்கள். பருவநிலை மாறும்போது நேற்றைய பதிவு நாளைய வெள்ளத்தைச் சொல்லாது. ஒரு திட்டம் இயற்கைக்கு என்ன செய்யும் என்று கேட்பது பாதிக் கேள்வி. மாறிவரும் இயற்கை அந்தத் திட்டத்துக்கு என்ன செய்யும் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் மதிப்பீடு முழுமையாகும்.

கூட்டு வட்டியைத் தலைகீழாகப் போட்டால்

பெரிய திட்டங்களின் நன்மை தீமைகளைப் பொருளியல் வல்லுநர்கள் ரூபாயாக மாற்றிக் கூட்டிக் கழிப்பார்கள். மிச்சமாகும் பயண நேரம், எரிபொருள், குறையும் விபத்துகள் ஆகியவை வரவு. கட்டுமானமும் பராமரிப்பும் செலவு. வரவும் செலவும் வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்வதால், வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கொள்வார்கள். நாம் எட்டாம் வகுப்பில் நடத்தும் கூட்டு வட்டியைத் தலைகீழாகப் போடும் கணக்குதான் இது.

நம் நாட்டு நெடுஞ்சாலைத் திட்டங்களின் பொருளாதார ஆய்வில் 12 சதவீதம் என்ற வீதம் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அந்த வீதத்தில் 30 ஆண்டு கழித்து வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 3 ரூபாய் 34 காசு. 50 ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய்க்கு வெறும் 35 காசு. வீதத்தை 5 சதவீதமாகக் குறைத்தால் 30 ஆண்டுக்குப் பிந்தைய 100 ரூபாயின் மதிப்பு 23 ரூபாய் 14 காசாக உயர்கிறது. கால்குலேட்டரைக் கையில் கொடுத்து மாணவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விடையைப் பார்த்ததும் அவர்களுக்கே விளங்கிவிடும். ஒரு குளம் தூர்ந்துபோவதால் ஐம்பது ஆண்டு கழித்து வரும் நஷ்டம், இந்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. கணக்கில் பிழை கிடையாது. எந்த வீதத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் நாளைய தலைமுறைக்கு நாம் தரும் மதிப்பு ஒளிந்திருக்கிறது. அதனால்தான் மண், நீர், காடு போன்று ஒருமுறை போனால் திரும்பாதவற்றை இந்தக் கூட்டல் கழித்தலுக்குள் மட்டும் அடக்கிவிடாமல் தனியாக வைத்தும் பார்க்க வேண்டும்.

பயன் யாருக்கு? சேதுக் கால்வாய்

நமக்கு மிக அருகில் உள்ள எடுத்துக்காட்டு சேதுசமுத்திரக் கப்பல் கால்வாய்த் திட்டம். 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டது. மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். தூத்துக்குடித் துறைமுகம் பொறுப்பேற்ற திட்டம் இது. கப்பல்கள் இலங்கையைச் சுற்றாமல் போனால் 424 கடல் மைல் வரையிலும், 30 மணி நேரம் வரையிலும் மிச்சமாகும் என்று கூறப்பட்டது. தென் மாவட்டங்களின் நெடுநாள் கனவு என்பதால் வரவேற்பும் பெரிதாக இருந்தது.

‘வரை’ என்ற சொல்லில் பிள்ளைகளை நிறுத்துங்கள். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ போகும் கப்பலுக்கு அந்த மிச்சம் பெரிது. ஐரோப்பாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ வரும் கப்பலுக்கு, இலங்கையைச் சுற்றிப் போவது அவ்வளவு பெரிய சுற்று கிடையாது, ஆகவே மிச்சமும் குறைவு. கால்வாய்க்குள் கப்பல் மெதுவாகத்தான் போக வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். எத்தனை கப்பல்கள் எந்தத் திசையிலிருந்து வரும் என்று பிரித்துப் பார்த்தால் வரவுப் பத்தி மாறிவிடும் என்று பொருளியல் ஆய்வாளர்கள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். ஆழமற்ற பாக் நீரிணையில் தோண்டிய கால்வாயில் மணல் மறுபடி மறுபடி வந்து படியும். அதை ஆண்டுதோறும் தூர்வாரும் செலவு நிற்கவே நிற்காது. பக்கத்திலேயே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவும், அதை நம்பிய மீனவக் கிராமங்களும் இருக்கின்றன.

திட்டம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் நின்றது. மாற்றுப் பாதையை ஆராய ஆர்.கே. பச்சௌரி தலைமையில் அமைந்த குழு, அந்த மாற்றும் பொருளாதார நோக்கிலும் சூழல் நோக்கிலும் ஏற்றதில்லை என்று கூறியது. நம்பிக்கை சார்ந்த வாதங்களும் அந்த வழக்கில் உண்டு என்பதை மாணவர்கள் அறிந்திருப்பார்கள். வகுப்பில் அதை விவாதமாக்காமல், கப்பல் வரும் திசை, கால்வாயின் ஆழம், தூர்வாரும் செலவு என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு பாடவேளைக்குப் போதுமான பொருள் கிடைக்கும்.

எப்போது கேட்பது? எட்டு வழிச்சாலை

கேள்வியைக் கேட்டால் மட்டும் போதாது, நேரத்தோடு கேட்கவும் வேண்டும். 2018-இல் பேசப்பட்ட சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை இதைக் காட்டுகிறது. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்கள் வழியாக 277.3 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய். பயண நேரம் பாதியாகக் குறையும், எரிபொருள் மிச்சமாகும், தொழில் வளரும் என்பது அரசு தரப்பு. இருக்கும் சாலைகளை அகலப்படுத்தினால் போதும், விளைநிலமும் கிணறுகளும் காடும் போய்விடும் என்பது விவசாயிகள் தரப்பு.

நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. நிலம் எடுக்கப்போகிறோம் என்ற முதல் அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, ஆனால் வேலையைத் தொடங்கும் முன் அனுமதி பெற்றாக வேண்டும் என்றது. இரு நீதிமன்றங்களுக்கும் இடையிலான வேறுபாட்டின் மையம் காலம்தான். பாதையை முடிவு செய்து, நிலத்தில் கல் நட்ட பிறகு ஆய்வு நடந்தால், மாற்றுப் பாதை என்பது காகிதத்தில் மட்டுமே இருக்கும் என்ற அச்சம் ஒரு பக்கம். எந்த நிலம் என்றே குறிக்காமல் எதை ஆய்வு செய்வது என்ற நடைமுறைச் சிக்கல் மறுபக்கம். பத்தாம் வகுப்பு மாணவர்களால் இரண்டு பக்கத்தையும் புரிந்துகொள்ள முடியும்.

சட்டம் தரும் வாய்ப்பையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2006 செப்டம்பர் 14-ஆம் தேதிச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்பார். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அதே நேரம் ரயில் பாதைகள் இந்த அறிவிக்கையின் பட்டியலில் இல்லை. நீளம் குறைந்த பல சாலை விரிவாக்கங்களும் அதற்குள் வருவதில்லை. சட்டம் கேட்காத இடங்களில் கிராம சபையும் வார்டு மக்களும்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீருமா?

இது மாணவர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி. சில காலத்துக்குத் தீரும். பாதை எளிதானதும் பேருந்தில் போனவர் பைக் வாங்குகிறார், பைக்கில் போனவர் கார் வாங்குகிறார், தள்ளிப்போட்ட பயணங்களும் சேர்ந்துகொள்கின்றன. புதிய சாலையே புதிய போக்குவரத்தை உண்டாக்குகிறது என்பதைப் பிரிட்டன் அரசின் ஆலோசனைக் குழு ஒன்று 1994-லேயே தன் அறிக்கையில் ஏற்றுக்கொண்டது. ஆகவே மிச்சமாகும் பயண நேரத்தைக் கணக்கிடும்போது, அந்த மிச்சம் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்றும் கேட்க வேண்டும்.

இதை நேரில் பார்க்க வண்ணார்பேட்டை செல்லப்பாண்டியன் சிலை ரவுண்டானா நல்ல இடம். பாதுகாப்பான ஓரத்தில் ஆசிரியர் துணையோடு நின்று, 15 நிமிடம் வாகனங்களை வகைவாரியாகவும், அவற்றில் இருக்கும் ஆட்களைத் தோராயமாகவும் எண்ணச் சொல்லுங்கள். வாகனத்துக்கு ஒரு பட்டை வரைபடம், ஆட்களுக்கு ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சாலையில் அதிக இடத்தைப் பிடிப்பது எது, அதிகம் பேரைக் கொண்டுபோவது எது என்பது தானே தெரியவரும். நடந்து போகிறவர்களையும் ஒரு பட்டையாகக் காட்ட மறந்துவிடக் கூடாது.

வகுப்பறையில் இரண்டு பாடவேளை

முதல் பாடவேளையில் கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, குழுவுக்கு ஒரு திட்டம் கொடுக்கலாம்.

1. இது எத்தனை ஆண்டு உழைக்கும்? பராமரிக்கும் செலவை யார், எதிலிருந்து கொடுப்பார்கள்?
2. இதனால் யாருக்குப் பயன், யாருக்கு இழப்பு? இரண்டும் ஒரே ஆட்களா?
3. மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மழை பெய்தால்?
4. வேறு வழி உண்டா? இருக்கும் சாலையைச் செப்பனிடுவது, ரயில், கூடுதல் பேருந்து ஆகியவற்றை ஒப்பிட்டார்களா?
5. தவறாகப் போனால் திருத்த முடியுமா? எது திரும்பவே வராது?

இரண்டாம் பாடவேளையில் கருத்துக் கேட்புக் கூட்டத்தை நடித்துப் பார்க்கலாம். ஒரு குளத்தின் ஓரமாகப் புறவழிச்சாலை வரப்போவதாக வைத்துக்கொள்வோம். ஆட்சியர், பொறியாளர், குளத்துப் பாசன விவசாயி, லாரி ஓட்டுநர், ஊர்க் கடைக்காரர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், சைக்கிளில் பள்ளிக்கு வரும் மாணவி என்று பாத்திரங்களைப் பிரித்துக் கொடுங்கள். பேசுகிற ஒவ்வொருவரும் தம் தரப்புக்கு எதிரான ஓர் உண்மையையாவது தாமே சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் விவசாயி நல்லவர், பொறியாளர் கெட்டவர் என்ற நாடகமாக முடிந்துவிடும். புறவழிச்சாலை இல்லாமல் ஊருக்குள் லாரியில் அடிபடும் உயிரும் கணக்கில் வர வேண்டும், குளம் போனால் வற்றும் கிணறும் வர வேண்டும். முடிவில் ஆட்சியராக நடிப்பவர் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லாமல், எந்த நிபந்தனைகளோடு என்று மூன்று வரி எழுதிப் படிக்கட்டும். மதிப்பெண் தரும்போது எந்தப் பக்கம் நின்றார் என்று பார்க்காமல், எத்தனை கேள்விகளுக்குத் தகவலோடு பதில் சொன்னார் என்று பாருங்கள்.

இன்று பதினைந்து வயதில் இருப்பவர், முப்பது ஆண்டுக் கணக்குப் போட்டுக் கட்டப்படும் ஒரு சாலையின் கணக்கு முடியும்போது நாற்பத்தைந்து வயதில் இருப்பார். அதன் சுங்கத்தையும் பராமரிப்பையும் வெள்ளத்தையும் சந்திக்கப்போவது அவர்தான். அதனால் அடுத்த முறை செய்தித்தாளில் கருத்துக் கேட்புக் கூட்ட அறிவிப்பு ஒன்று வந்தால், அதை வெட்டி வகுப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பக்கத்தில் இந்த ஐந்து கேள்விகளையும் எழுதிவையுங்கள். எத்தனை கேள்விக்கு அந்த அறிவிப்பில் பதில் இருக்கிறது என்று பிள்ளைகளே தேடிப் பார்த்துச் சொல்லட்டும்.